சிஏ-125 கூடியிருந்தால் புற்றுநோயா?

லேப்கள் விற்கும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் இப்போது 'கேன்சர் மார்க்கர்' சோதனைகளும் சேர்ந்துவிட்டன. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத 26 வயதுப் பெண்ணின் கைப்பேசிக்கு ரிப்போர்ட் வருகிறது: சிஏ-125 அளவு 52. இருக்க வேண்டியது 35-க்குள். எண் தடித்த எழுத்தில் இருக்கும்; விளக்கம் இருக்காது.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ரத்தம் கொடுத்தபோது மாதவிலக்கா என்பதுதான்.

சினைப்பைப் புற்றின் மார்க்கராகப் பார்க்கப்படும் சிஏ-125, புற்றுக்கட்டி மட்டுமே சுரக்கும் பொருள் அல்ல. கருப்பையின் உட்சவ்வும், வயிற்றையும் நுரையீரலையும் இதயத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகளும் இந்தப் புரதத்தை உண்டாக்குகின்றன. எனவே மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் அளவு கூடலாம். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, இடுப்புக்குழித் தொற்று இருந்தாலும் அப்படித்தான். நம் நாட்டில் மறக்கக் கூடாத காரணம் வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறி, சினைப்பைப் புற்று என்று எண்ணி அறுவை செய்த பிறகே காசநோய் எனத் தெரியவந்த பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. மாத்திரையிலேயே குணமாகிற நோய் அது.

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்டும் சகாக்களும் 1980-களின் தொடக்கத்தில் சிஏ-125 சோதனையை உருவாக்கியது, சினைப்பைப் புற்று உள்ளவர்களுக்குச் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கத்தான். ஆரோக்கியமான பெண்களிலேயே சுமார் 1 சதவீதம் பேருக்கு அளவு 35-ஐத் தாண்டும் என்பது அப்போதே தெரியும். 10,000 இளம்பெண்களைச் சோதித்தால் ஏறத்தாழ 100 பேர் பயந்து போவார்கள்; அவர்களில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்று இருப்பதே அரிது.

இந்த நோய் அதிகம் வரும் வயதிலும் பரிசோதனை உயிர் காக்கவில்லை. அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான சுமார் 78,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. ஆண்டுதோறும் சோதித்த குழுவிலும் சாவு குறையவில்லை. புற்றே இல்லாத 1,080 பேர் தவறான முடிவால் அறுவைக்கு ஆளானார்கள். அவர்களில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவுகள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வும் 2021-ல் இறப்பு குறையவில்லை என்றே சொன்னது. இளம்பெண்களின் பேக்கேஜில் இதைச் சேர்ப்பதே தவறு என்பேன்.

சேர்த்து, எண்ணும் கூடிவிட்டதா? மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, அடிவயிற்று ஸ்கேன் எடுங்கள். மாதவிலக்கு முடிந்த பின் அதே லேபில் மறுபடி சோதியுங்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்து அளவும் இறங்கினால், பெட் ஸ்கேன் வரை ஓட வேண்டியதில்லை. அளவு ஏறிக்கொண்டே போனாலோ, கட்டியோ நீரோ தெரிந்தாலோ, புற்றுநோய் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைவதும் ஆபத்து. முதல் கட்டச் சினைப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு கூடுவதே இல்லை. வாரக்கணக்கில் வயிறு உப்பி இருந்தாலோ, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தாலோ ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள்.

தாய்க்கோ சகோதரிக்கோ மார்பக, சினைப்பைப் புற்று வந்திருந்தால் மார்க்கரைவிட மரபணு ஆலோசனையே பயன் தரும். பயனுள்ள புற்றுப் பரிசோதனை வேண்டுமென்றால், 30 வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாய்ப் புற்றுக்கான சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.