வாசலில் நிற்கும் நிரல்

ஓசூர் சிப்காட்டில் வண்டி செய்யும் ஆலைக்குள் வெளியிலிருந்து வரும் உதிரிபாகம் நேரே அசெம்ப்ளி லைனுக்குப் போவதில்லை. முதலில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். தேறாத லாட் திரும்பிப் போகும். தன்னார்வலர்கள் நடத்தும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களிலும் இப்படி ஒரு வாசல் உண்டு. யாரோ எழுதி அனுப்பும் நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, கேள்வி கேட்டு, ஏற்பார் அல்லது திருப்புவார். ஆனால் ஆலைக்குப் பாகம் அனுப்புகிறவரிடம் பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கும், சோதிப்பவருக்குச் சம்பளம் இருக்கும். இங்கே யார் வேண்டுமானாலும், கேட்காமலே அனுப்பலாம்; படிப்பவரோ பெரும்பாலும் தன் ஓய்வு நேரத்தில் படிக்கிறார். ஆகவே இத்திட்டங்களில் பஞ்சம் நிரலுக்கு அல்ல, அதைப் படிக்கும் கண்களுக்குத்தான். விதிகள் எல்லாம் அந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கப் பிறந்தவை.

லினக்ஸ் இயங்குதளத்தையே பார்ப்போம். வண்டிக்குள் இருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது கேன் என்னும் தடத்தில். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது அது. அந்தப் பேச்சை லினக்ஸ் கணினி கேட்பதற்கான நிரலை ஃபோக்ஸ்வாகன் ஆய்வுப் பிரிவினர் உருவாக்கினார்கள், 2008-இல் 2.6.25 பதிப்பில் அது லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்ந்தது. ஓசூர் பக்கம் பேரண்டப்பள்ளியிலோ போச்சம்பள்ளியிலோ ஒரு பொறியாளர் லினக்ஸ் லேப்டாப்பில் கேன் அடாப்டரைச் செருகி மோட்டார் கன்ட்ரோலரைச் சோதித்தால், பெரும்பாலும் இந்த நிரலின் தோளில்தான் நிற்கிறார். அதில் பிழை கண்டு அவரே திருத்தம் அனுப்ப நினைத்தால் என்ன ஆகும்? ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம்தான் இருக்கலாம். அது ஏன் தேவை என்று எழுத வேண்டும். அதைக் கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறித் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். 2004-இல் வந்த வழக்கம் இது. எழுத்துநடைப் பிழைகளைக் காட்டும் கருவியை முன்பே ஓட்டியிருக்க வேண்டும். கறாராகத் தோன்றும் இந்த ஒவ்வொரு விதியும் படிப்பவரின் சுமையில் ஒரு பங்கை அனுப்புபவரின் தலைக்கு மாற்றுகிறது. அதுதான் நியாயம். இருபது வரியை ஒருவர் உண்மையாகவே படிப்பார். இரண்டாயிரம் வரியைப் பார்த்துத் தலையசைத்துவிடுவார்.

'திறந்து கிடக்கும் நிரலை ஆயிரம் பேர் பார்ப்பார்களே, பிழை தானாக அகப்படாதா' என்பது பழைய நம்பிக்கை. பார்க்க முடிவது வேறு, பார்ப்பது வேறு. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2011 டிசம்பர் 31 அன்று, ஒரே ஒருவர் சரிபார்த்தபின் நுழைந்த ஹார்ட்பிளீட் பிழை, 2014 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரிந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர். எக்ஸ்ஸெட் என்னும் சுருக்கக் கருவியின் கதை இன்னும் கசப்பானது. பல ஆண்டுகள் அதைத் தனியாளாகப் பராமரித்தவரிடம், திருத்தங்களைப் பார்க்கத் தாமதிக்கிறார் என்று 2022-இல் முகம் தெரியாத சிலர் நெருக்குதல் கொடுத்தார்கள். உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயர் இரண்டாண்டுக்கும் மேலாக நல்ல திருத்தங்கள் தந்து நம்பிக்கை பெற்று, 2024-இல் திருட்டு வாசல் ஒன்றைச் செருகியது. அதை இயக்கிவைக்கும் துண்டு எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. தொலை உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

புதியவர்களை இந்த வாசல் விரட்டுகிறது என்ற குறைக்கும் வலு உண்டு. வாரக்கணக்கில் பதிலே வராவிட்டால் யாருக்கும் சலிக்கும். தானியங்கிச் சோதனைகளிடம் ஒப்படைத்துவிடலாம் என்பார்கள். நிரல் ஓடுகிறதா என்று அவை சொல்லும். அது தேவைதானா, பத்தாண்டு கழித்து யார் சுமப்பது என்று சொல்லாது. ஃப்ராய்ண்ட் பங்களிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் கண்ட வழி எனக்கு மேலாகப் படுகிறது. 2008 முதல் அங்கே 'கமிட்ஃபெஸ்ட்' நடக்கிறது: காத்திருக்கும் திருத்தங்களை எல்லாம் பட்டியலிட்டு, குறித்த காலத்துக்குப் புதிதாக எழுதுவதை ஒதுக்கிவைத்துச் சரிபார்ப்பில் இறங்குவார்கள். தன் திருத்தத்தைக் கொடுப்பவர் பிறருடைய ஒன்றையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வாசலில் வரிசை நீண்டால் வரிசையில் நிற்பவர்களே சோதிப்பவர்களும் ஆகிறார்கள். லினக்ஸிலும் இதற்கு இடமுண்டு: பிறர் அனுப்பிய திருத்தத்தைத் தன் கருவியில் ஓட்டிப் பார்த்து 'டெஸ்டெட்-பை' என்று தன் பெயரை இணைக்கலாம். கேன் நிரலுக்கு இதைச் செய்ய, மேசைமேல் உண்மையான மோட்டார் கன்ட்ரோலர் வேண்டும். ஓசூரில் அதற்குக் குறைவில்லை.