கீரிக்குத் தப்பிய தீவு

கீரியும் பாம்பும் போல என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. அப்பழமொழி கரிபியன் கடலில் உண்மையாகிவிட்ட வரலாற்றை இங்கே காண்போம்.

கண் நோயுற்றோர் மன்றாடும் புனித லூசியாளின் பெயரைத் தாங்கிய நாடு செயின்ட் லூசியா. அதன் தென்கிழக்குக் கரைக்கு எதிரே மரியா தீவுகள் இரண்டு உள்ளன. பெரியது ஏறத்தாழ 25 ஏக்கர். சிறியது நான்கே ஏக்கர். நம்மூர் நிலக்கிழார் ஒருவரின் நஞ்சையை விடப் பெரியனவல்ல! மனிதர் எவரும் அங்குக் குடியில்லை. ஆயினும் 1982இல் அரசு அவற்றை இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. ஏன்?

கரும்புத் தோட்டங்களை அழித்த எலிகளை ஒழிக்கவென்று, 1872இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆம், நம் நாட்டுக் கீரிகளே! அவை எலியோடு நிற்கவில்லை. பறவை முட்டை, பல்லி, பாம்பு என அகப்பட்டதையெல்லாம் தின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் தீவுதோறும் பரவிச் செயின்ட் லூசியாவையும் அடைந்தன. அங்கு மலிந்திருந்த நஞ்சற்ற சாரையினப் பாம்பொன்று மறைந்தது. 1936இல் அவ்வினம் அற்றுப்போயிற்று என்றே அறிவித்துவிட்டனர்.

ஆனால் 1973இல் பெரிய மரியா தீவில் அது உயிரோடு தென்பட்டது! ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த கடல் நீரைக் கீரி கடக்கவில்லை, அவ்வளவே. 2011-12இல் ஆய்வாளர் பல நாள் தேடி 11 பாம்புகளைப் பிடித்து, அடையாளச் சில்லு பொருத்தி விடுவித்தனர். மொத்தம் 18 மட்டுமே இருக்கக்கூடும் என அன்று கணித்தனர். சருவேசுரன் படைத்த ஓரினம் முழுவதையும் ஒரு கோணிப்பையில் அடக்கிவிடலாம் என்பதை எண்ணும்போது நமக்கு நெஞ்சம் நடுங்குகிறது.

நீல வாலும் மஞ்சள் வயிறுமாக, நாட்டுக் கொடியின் நிறங்களையே தாங்கிய பல்லியினம் ஒன்றும் அத்தீவுகளுக்கே உரியது. ஒரே இடத்தில் விட்டுவைப்பது ஆபத்தென்று, 1995இல் அவற்றுட் சிலவற்றைப் பிராஸ்லின் என்னும் வேறொரு குறுந்தீவில் குடியேற்றினர்.

அச்சம் தீரவில்லை. படகொன்றின் வலைக்குவியலில் பதுங்கி வரும் ஒரு சினை எலி போதும். ஆகவேதான் தேசிய அறக்கட்டளையின் இசைவின்றி எவரும் அங்குக் கால் வைத்தலாகாது; கடற்பறவைகள் முட்டையிடும் மாதங்களிலோ எவருக்குமே இசைவு கிடையாது.