ஜீப்பில் லோ கியர் நழுவுகிறதா?

மலைத் தோட்டங்களில் விளையும் வாழைத்தார், மிளகு, காப்பி, பலா ஆகியவை தார்ச் சாலைக்கு வந்து சேருவது பெரும்பாலும் ஜீப்பில்தான். கொல்லிமலையிலும் சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் பழைய மகிந்திரா ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. இவ்வண்டிகளை வைத்திருக்கும் உழவர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. சரிவில் இறங்கும்போது லோ கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்பதே அது. பயிரைப் பற்றி எழுதும் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விளைந்த பொருள் பத்திரமாகச் சந்தை போய்ச் சேர வேண்டும். அதனை ஓட்டிச் செல்பவரும் பத்திரமாகத் திரும்ப வேண்டும். அதனால் இதனை எழுத நேர்ந்தது.

கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் இன்னொரு சிறு பெட்டி ஜீப்பில் உண்டு. எஞ்சினின் விசை கியர் பெட்டி வழியாக இதற்குள் வந்து, இங்கிருந்துதான் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகிறது. பழைய வண்டிகளில் ஓட்டுநரின் பக்கத்தில் மூன்று லீவர்கள் இருக்கும். ஒன்று சாதாரண கியர் லீவர். மற்றொன்று முன் சக்கரங்களை இணைப்பது. மூன்றாவது லீவருக்கு ஹை, நியூட்ரல், லோ என்று மூன்று நிலைகள். லோவில் போட்டால் வேகம் ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும். இழுவை இரண்டரை மடங்காகக் கூடும். இவ்வளவு இழுவையையும் பின் அச்சு மட்டும் தாங்காது என்பதால், முன் சக்கரங்களை இணைத்த பிறகே லோ விழும்படி உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது லீவர் நியூட்ரலுக்கு வந்துவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இராது. சாதாரண கியர் லீவர் முதல் கியரிலேயே நிற்கும். ஆனால் வண்டியை எஞ்சின் பிடித்திருக்காது. பாரத்துடன் சரிவில் இறங்குகையில் இவ்வாறு நேர்ந்தால் வண்டி திடீரென்று வேகம் எடுக்கும். நிறுத்தி வைத்த வண்டிக்கும் இதே ஆபத்து உண்டு. சரிவில் வண்டியை முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போவது பலரது வழக்கம். டிரான்ஸ்பர் கேஸ் நழுவும் வண்டியில் அந்த முதல் கியரை நம்பக் கூடாது. பழுது தீரும் வரை சக்கரத்துக்குக் கல் வைக்காமல் வண்டியை விட்டு நகர வேண்டாம்.

முதலில் நழுவுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, ஆனால் லீவர்கள் யாவும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன என்றால் பெரும்பாலும் கிளட்ச் தேய்ந்திருக்கும். சாதாரண கியர் லீவர் நியூட்ரலுக்கு வந்திருந்தால் பழுது முன் பெட்டியில். மூன்றாவது லீவர் நகர்ந்திருந்தால் மட்டுமே டிரான்ஸ்பர் கேஸைக் குறை கூறலாம். இதைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்லிக் கூலி கொடுத்தவர்கள் உண்டு.

எப்போது நழுவுகிறது?

பட்டறைக்குப் போகுமுன் இதனை இரண்டு மூன்று நாள் கவனித்து வையுங்கள். நல்ல மெக்கானிக் முதலில் கேட்பதும் இதைத்தான். பள்ளத்தில் விழுந்து எழும்போது மட்டும் நழுவினால் குறை பெரும்பாலும் வெளியில் இருக்கும்: லீவர், ரப்பர் தாங்கி, ஸ்பிரிங் இவற்றில் ஒன்று. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் விடும்போது மட்டும் நழுவினால் பின் தண்டின் பேரிங் தளர்ந்திருக்கலாம். அல்லது பல் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். ஏற்றத்தில் இழுக்கும்போதும் நழுவுகிறது, கூடவே இரைச்சலும் இருக்கிறது என்றால் உள்ளே தேய்மானம் அதிகம் என்று பொருள்.

வெளியிலிருந்து தொடங்குவதே சிக்கனம். எஞ்சினை நிறுத்தி, சமதளத்தில் நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்து, லோவில் போட்டுவிட்டு லீவரைப் பாருங்கள். தரைத் தகட்டில் அது வெளிவரும் துவாரத்தின் விளிம்பை லீவர் தொட்டுக்கொண்டிருக்கிறதா? எஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் அமுங்கிவிட்டால் பெட்டி கீழே இறங்கும். பாடி அப்படியே நிற்கும். பெட்டி ஒவ்வொரு முறை அசையும்போதும் தகட்டின் விளிம்பு லீவரைத் தட்டித் தட்டி வெளியே தள்ளும். இதற்கு மருந்து புது ரப்பர் மட்டுமே. துவாரத்தின் மேல் மூடியிருக்கும் ரப்பர் உறை காய்ந்து இறுகினாலும் இதே தொல்லை வரும்.

அடுத்தது, லீவர் திரும்பும் முளையும் அதன் அடி நுனியும். இவை தேய்ந்தால் கை போதுமான தூரம் போனாலும் உள்ளிருக்கும் கம்பி முழுத் தூரம் நகராது. கியர் பாதிப் பல்லில் மட்டும் பிடித்திருக்கும். இதனைச் சோதிக்க, லீவரை லோவில் போட்டபின் ஒருவர் வண்டிக்கு அடியில் இருந்து கம்பியை டயர் லீவரால் மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். இன்னும் நகருமானால் குறை லீவரில்தான். பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

மூன்றாவது, கம்பியைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும். கம்பியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குழி இருக்கும். ஸ்பிரிங் குண்டை அக்குழிக்குள் அழுத்துவதால்தான் கியர் விழும்போது கையில் 'டக்' என்று தெரிகிறது. அந்த 'டக்' இல்லாமல் லீவர் வழுவழுவென்று போனால் ஸ்பிரிங் உடைந்தோ தளர்ந்தோ இருக்கும். இது வெளியிலிருந்தே மறை கழற்றி மாற்றக்கூடிய சிறு வேலை. சில பட்டறைகளில் பழைய ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைத் திணித்து இறுக்கிவிடுவார்கள். லீவர் கல்லாகிவிடும், கம்பியின் குழி சீக்கிரம் தேயும். புது ஸ்பிரிங்கும் புதுக் குண்டும் கேட்டுப் போடச் சொல்லுங்கள். இரு கம்பிகளுக்கும் இடையில் உள்ள சிறு முளைதான் முன்னர் கூறிய பூட்டு. பிரித்துப் பூட்டும்போது அதனை விட்டுவிட்டால், முன் சக்கரம் இணையாமலே லோ விழும். பின் ஆக்சில் முறிய அதுவே போதும்.

ஒரே குறை, மூன்று அடையாளங்கள்

இனிக் கூறுவதைச் சற்று ஊன்றிப் படியுங்கள். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் மேல் ஒரு சிறு டிரம்மாக அது அமைந்துள்ளது. அத்தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தளர்ந்தால் தண்டு முன்னும் பின்னும் ஆடும். ஆடும் தண்டோடு கியரும் ஆடுவதால் லோ நழுவும். ஆடும் தண்டு ஆயில் சீலைத் தின்றுவிடுவதால் எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிடும். ஆகவே, கியர் பிடிக்காத அதே நாளில் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. இவை மூன்றையும் மூன்று குறைகளாக எண்ணி, சீலை மட்டும் மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறுக்கி ஓட்டுவோர் பலர். சில வாரங்களில் மீண்டும் கசியும்.

இதனைக் கண்டறிவது எளிது. சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, வண்டிக்கு அடியில் டிரம்மை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். இங்கே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். ஓர் அஞ்சலட்டையின் கனத்துக்கும் குறைவான இது கைக்கு ஏறக்குறையத் தெரியாது. 'கடக் கடக்' என்று கைக்குத் தெரிந்தால் அது மிகை. பின் மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்து இதனைச் சரிசெய்வார்கள். அளவுக்கு மேல் தகடு எடுத்துவிட்டால் பேரிங் இறுகிச் சூடேறும் என்பதால், அளந்து செய்பவரிடமே இவ்வேலையைக் கொடுங்கள். பேரிங் புள்ளி விழுந்திருந்தால் தகடு குறைத்துப் பயன் இல்லை.

சோதனையின்போது ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கை நம்பிவிடாதீர்கள். அது தண்டைத்தான் பிடிக்கிறது. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து சரிய அது போதும். கல் வைப்பது ஒன்றே காப்பு.

பெட்டிக்குள்ளே

மேற்கூறியவை யாவும் சரியாக இருந்தும் நழுவினால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். தேய்ந்த பல் ஏன் நழுவுகிறது என்று விளங்கிக்கொள்வது நல்லது. புதுப் பல்லின் பக்கம் நேராக இருக்கும். வண்டி ஓடும்போதே லோவைப் போட்டுப் போட்டு முனை மழுங்கினால் பல் ஆப்பு போல் சரிந்துவிடும். ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் துள்ளி ஓடுவது போல, பாரம் ஏறும்போது சரிந்த பல்லும் வெளியே துள்ளும். எந்த ஸ்பிரிங்கும் இதனைப் பிடிக்காது. ஒன்றோடொன்று பிடிக்கும் இரு கியர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதுமாகச் சேர்த்தால் புதியதும் கெடும்.

இடைக் கியரையும் அதன் தண்டையும் பக்க வாஷர்களையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் குறைந்து ஓடிய வண்டியில் முதலில் அடிபடுவது இவைதான். தண்டு தேய்ந்தால் கியர் சாய்ந்து நிற்கும். கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தாமல் மாற்றுவதே மேல். வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். செதிலோ துணுக்கோ ஒட்டினால் பல் உடைந்திருக்கிறது.

லீவரை சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டி ஓட்டும் வழக்கம் மலையில் உண்டு. லீவர் மேல் கை வைத்தபடியே ஓட்டுவதும் உண்டு. இரண்டும் ஒன்றுதான்: சுழலும் கியரின் மேல் ஃபோர்க்கை இடைவிடாது உராய வைக்கிறோம். பட்டறை வரை மெல்லக் கொண்டு செல்ல ட்யூப் உதவலாம். பாரம் ஏற்றி இறக்கத்தில் போக அது உதவாது.

தார்ச் சாலைக்கு வந்ததும் முன் சக்கர இணைப்பை எடுத்துவிடுங்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். மண் பாதையில் டயர் சற்று வழுக்கி இதனைச் சமாளிக்கும். தார்ச் சாலையில் வழுக்க முடியாமல் முறுக்கம் உள்ளேயே சேரும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு தேய்ந்த டயர்கள் இருந்தாலும் அப்படியே. பிறகு லீவர் வராது, காலால் உதைப்பார்கள், ஃபோர்க் வளையும். உதைக்காமல், நேராகச் சில அடி தூரம் பின்னால் எடுத்தால் முறுக்கம் தளர்ந்து லீவர் தானே வரும்.

லோவை இறக்கம் தொடங்குமுன், சமதளத்தில், வண்டியை முழுதாக நிறுத்திப் போடுங்கள். நடு இறக்கத்தில் நழுவிவிட்டால் மீண்டும் போட முயல வேண்டாம். பல் கிறீச்சிடுமே தவிர விழாது. கால் பிரேக்கை உடனே அழுத்தி, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, கூட வருபவரைக் கல் வைக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு லீவரைத் தொடலாம்.

பழுது பார்த்து வந்த வண்டியை முதலில் பாரமின்றி ஒரு சிறு இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பின்னர் அரைப் பாரத்துடன் ஓட்டலாம். ஒரு வாரம் கழித்து டிரம்முக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்றும், பக்க மறையைக் கழற்றினால் எண்ணெய் அதன் விளிம்பு வரை நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.