எலி வளையும் என் கணிதப் புள்ளியும்

நான்காம் படிவத்தில் நான் கூடுதல் கணிதத்தில் தோற்றபோது, பெரியம்மா ஆறுதலாகச் சொன்னார்: “விடும்மா, நம்ம குடும்ப ரத்தத்திலேயே கணக்கு இல்லை.” அதைச் சாக்காக வைத்து ஓராண்டு பயிற்சிப் புத்தகத்தைத் தொடவே இல்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறேன். அண்மையில் எலி வளை பற்றிய ஓர் ஆய்வைப் படித்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஓல்ட்ஃபீல்டு எலி என்றொரு சிறிய எலி உண்டு. மணலில் நீண்ட வாசல் வழி தோண்டி, அதன் கோடியில் கூடு அமைக்கும். அங்கிருந்து மேல்நோக்கி இன்னொரு சுரங்கம் தோண்டி, தரையை எட்டுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடும். வாசலில் பாம்பு நுழைந்தால், மிச்ச மண்ணை முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடலாம்! அதன் நெருங்கிய உறவான மான் எலியோ சிறு குழியோடு சரி. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து, அதுவரை தோண்டியே பழகாத எலிகளும் தத்தம் இனத்தின் வளையைத்தான் தோண்டுகின்றன. மீன்குஞ்சுக்கு நீச்சல் போலத்தான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோப்பி ஹூக்ஸ்ட்ராவின் குழுவினர் இவ்விரு இனங்களையும் கலந்தார்கள். பிறந்த குட்டிகள் ஓல்ட்ஃபீல்டு எலியைப் போலவே தோண்டின. அவற்றை மறுபடியும் மான் எலிகளோடு சேர்த்தபோதுதான் வேடிக்கை. பேரக்குட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் தப்பும் வழி தோண்டின. வாசல் வழியின் நீளமும் பலவிதமாக இருந்தது. வளைக்குள் நுரையைச் செலுத்தி, அது இறுகியதும் அச்சாக எடுத்து அளந்தார்கள். (நான் மிகவும் ரசித்தது இதைத்தான்.)

அடுத்தது டிஎன்ஏ. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைப் போல, இரு இனங்களுக்கும் இடையே வேறுபடும் இடங்களைக் குரோமோசோம் நெடுக அடையாளக் குறிகளாக வைத்துக்கொண்டார்கள். எந்தக் கல்லருகே ஓல்ட்ஃபீல்டு துண்டைப் பெற்ற குட்டிகள் நீளமாகத் தோண்டின என்று ஒப்பிட்டார்கள். முடிவு 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது: வாசல் வழியின் நீளத்தோடு தொடர்புடையவை 3 பகுதிகள், தப்பும் வழியோடு 1 பகுதி.

அப்படியானால் பெரியம்மா சொன்னது சரிதானா? மறுபடியும் படித்தேன். முதலில், அடையாளக் குறி என்பது மரபணு அல்ல. ‘ஈப்போ பக்கம்’ என்று சொன்னால் வீட்டு எண் தெரியாதல்லவா? ஒரு பகுதிக்குள் ஏராளமான மரபணுக்கள் இருக்கும். அதைவிட முக்கியமானது வேறொன்று. அந்த எலிகள் எல்லாம் ஒரே மாதிரியான சூழலில் வளர்ந்தவை. அதனால்தான் வேறுபாட்டுக்கு மரபணுவைக் காரணம் காட்ட முடிந்தது. எங்கள் குடும்பத்தில் தாத்தா பால்மரம் சீவியவர், பள்ளியை மூன்றாம் ஆண்டோடு விட்டவர். கணக்கு ரத்தத்தில் இருந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்க அவருக்கு எங்கே வாய்ப்பு?

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். “எலியைப் பற்றிப் படிக்கவா அவ்வளவு தூரம் போனே?” என்று சிரித்தார். பிறகு, நான்காம் படிவத்தில் இருக்கும் தம்பியின் கணிதத் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நூற்றுக்கு 31. சனிக்கிழமை காலையில் தொடங்குகிறோம்.