மலையும் ஏரியும் காலை வெயிலும்

நம் காவிரிச் சமவெளியில் எந்தப் பள்ளிக்கூடத்திற்குச் சென்று, எந்தச் சிறுவனிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஓர் இயற்கைக் காட்சி வரைந்து காட்டு" என்றாலும், அவன் வரைவது பெரும்பாலும் ஒரே படந்தான். கூம்பு கூம்பாக இரண்டு மலைகள். அவற்றின் நடுவே பாதி எழுந்த கதிரவன். அங்கிருந்து வளைந்து வரும் ஆறு. கரையில் ஒரு தென்னை. தரங்கம்பாடியில் மறைக்கல்வி வகுப்பு நடத்திய நாள்களில் இதைக் கண்டு நான் பலமுறை வியந்திருக்கிறேன். அப்பிள்ளைகளுள் மலையை நேரில் கண்டவர் ஓரிருவரே. வீட்டு வாசலில் நின்றால் கதிரவன் கடலிலிருந்து எழுவதை அவர்கள் நாள்தோறும் காணலாம். 1620-இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையின் மதிலே அவர்கள் ஏறி நின்ற பெரிய உயரம். இருந்தும் அவர்கள் கை வரைவது மலையைத்தான்.

இந்த ஏக்கம் எனக்கும் உண்டு. குருப்பட்டம் பெற்ற ஆண்டில் என் தமையனார் ஒரு காமிரா வாங்கித் தந்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோடை விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கொடைக்கானலுக்கு ஏறியிருக்கிறேன். வத்தலகுண்டைத் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் நெஞ்சு இலேசாகிவிடும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் ஊர். அதற்குச் சிறிது முன்னரே சாலையோரத்தில் வெள்ளியருவி விழுகிறது. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீரே அவ்வருவி என்பதை அங்கே நின்று படமெடுப்போருள் பலர் அறிவதில்லை.

அந்த ஏரியும் இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-இல் அணை கட்டி நீரைத் தேக்கியதால் உண்டானது. பல முனைகள் கொண்ட விண்மீன்போல் விரிந்து கிடக்கும் அதனைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். கடற்கரை மக்களாகிய நமக்கு அதில் ஒரு சிறு பெருமை இருக்கட்டும்! சுற்றிலும் நிற்கும் தைல மரங்களும் பைன் மரங்களும்கூட வேற்று நாட்டிலிருந்து வந்து நடப்பட்டவையே. பழனி மலைத் தொடரின் உச்சிகளில் முன்பு பரந்து கிடந்த புல்வெளிகளில் பெரும்பகுதி அத்தகைய தோப்புகளாக மாறிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த படமொன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்குமானால், அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வேறுபாடு விளங்கும்.

இனி, வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் கொடைக்கானலுக்குச் செல்லும் குடும்பங்கள் காலை ஒன்பது மணிக்கு எழுந்து, பத்து மணிக்குப் பலகாரம் உண்டு, பதினொன்றரை மணிக்கு ஏரிக்கரையில் காமிராவைத் திறக்கின்றன. அதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. இரவெல்லாம் குளிர்ந்த நிலத்தின்மேல் விடியற்காலையில் காற்று அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறச் சமவெளி சூடாகி, அங்குள்ள தூசியையும் நீராவியையும் சுமந்துகொண்டு காற்று மலைச்சரிவில் மேலேறி வரும். முற்பகலிலேயே மேகங்கள் திரளும். பிற்பகலில் இடியும் மழையும் வருவதுண்டு. ஆகவே கதிரவன் எழுந்தபின் ஒன்றரை மணி நேரமே படமெடுப்பவனுக்கு உரிய நேரம். அந்நேரத்தில் ஏரி கண்ணாடிபோல் இருக்கும். கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதையில் நின்றால், பனி மறைக்காத நாளில், கீழே பெரியகுளமும் வைகை அணையின் நீர்ப்பரப்பும் மின்னுவதைக் காணலாம். எட்டு மணியானால் அவை சாம்பல் நிறத் திரைக்குப் பின்னே மறையத் தொடங்கும்.

காலை வெளிச்சத்தின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பின், மழை பொய்ப்பதற்கும் கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டோ என அறிஞர்கள் ஆராயத் தலைப்பட்டனர். அந்த ஆராய்ச்சியின் வழியாகவே 1899-இல் கொடைக்கானலில் வான்நோக்கு நிலையம் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் அங்கே கதிரவனைப் படமெடுத்து வந்திருக்கின்றனர். 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பார், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்குதான் கண்டறிந்தார். அவர்களும் காலை நேரத்தையே பெரிதும் நம்புகிறார்கள். நிலம் சூடேறிக் காற்று நடுங்கத் தொடங்கினால் படமும் நடுங்கும் என்பதே காரணம். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு உலக அறிஞர்களுக்குப் பயன்படுகின்றன. மழைக்காக ஏங்கிய மக்களின் கண்ணீரிலிருந்து பிறந்த படங்கள் அவை என்று எண்ணும்போது, பாசன நீருக்காக மேட்டூரை நோக்கிக் காத்திருக்கும் நமக்கு மனம் நெகிழ்கிறது.

பழைய காலத்துப் படக்காரர்கள் பட்ட பாட்டை அறிந்தால் நம் சோம்பல் வெட்கப்படும். நாட்டிங்ஹாம் நகர வங்கியொன்றில் எழுத்தராக இருந்த சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்தார். கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கூடாரத்து இருட்டில் கழுவியாக வேண்டிய காலம் அது. கூலியாள்கள் பெட்டிகளைச் சுமந்துவர, இமயமலையில் மூன்று முறை பயணம் செய்து, 1866-இல் 18,000 அடிக்கு மேற்பட்ட மணிரங் கணவாயிலும் படமெடுத்தார். இமயத்தில் ஏரிகள் அரிதாயிருப்பதே அவருடைய பெருங்குறை. மலைக்கு அழகு நீரில் அதன் உருவம் விழும்போதுதான் என்பது அவர் எண்ணம். நம் தஞ்சைக்கோ அவருக்கும் முன்பே, 1858-இல், லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் வந்து பெரிய கோயிலைப் படமெடுத்தார். அக்காலத்து மருந்து நீல ஒளியை மிகுதியாக ஈர்க்குமாதலால் வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். எனவே அவர் நெகடிவில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்ததுண்டு.

நமக்கு அத்தொல்லை இல்லை. எனினும் சில நுணுக்கங்களை நான் பல சுருள்களைப் பாழாக்கிய பின்னரே கற்றேன். கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். மனிதர் முகத்திற்கு அது பொருந்தலாம், மலைக்குப் பொருந்தாது. ஒளி பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் இறங்கி மலைக்குப் பருமன் கிடைக்கும். நீரில் தெரியும் உருவம் மேலே உள்ள மலையைவிட மங்கலாகவே இருக்கும்; நீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. மலைக்கு ஏற்ப வெளிச்சத்தை அளந்தால் ஏரி சற்றுக் கறுக்கும், அது இயல்பே. காமிராவைத் தாழ்த்தி, நீர்மட்டத்தை ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு மிகும். போலரைசர் என்னும் பில்டரைச் சிலர் எப்போதும் மாட்டியே வைத்திருக்கிறார்கள். வானத்தை ஆழ்ந்த நீலமாக்கும் அதே கண்ணாடி, சிறிது திருப்பினால் ஏரியில் விழும் மலையை அடியோடு அழித்தும் விடும். கைப்பேசி வைத்திருப்போர் முதலில் அதன் லென்ஸைத் துணியால் துடைக்க வேண்டும். பிறகு திரையில் வானத்தைத் தொட்டுப் படமெடுத்தால் வெளிச்சம் அளவோடு நிற்கும். மலைக்குச் செல்லுமுன் நம் ஊர்த் தாமரைக் குளத்தங்கரையில் இரண்டு விடியற்காலை பழகிப் பார்த்தாலே போதும். 2024 மே 7 முதல் கோடைப் பயணிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது என்பதால், புறப்படுமுன் அதைப்பற்றி விசாரித்துக் கொள்ளுதல் நலம்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொண்ட நான் ஒன்றைக் கற்கத் தவறியிருந்தேன். என் படங்களில் மனிதர் விழுவதை நான் விரும்பியதில்லை. மலை, ஏரி, வானம், அவ்வளவுதான். யாரேனும் குறுக்கே வந்தால் கை காட்டி விலக்குவேன்.

2004 மே மாதத்தில் எங்கள் கடற்கரைப் பங்கின் பீடச் சிறுவர்களை ஒரு வேனில் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றேன். இரண்டாம் நாள் விடியலில் எல்லாரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, ஒருவன் மட்டும் என்னோடு எழுந்து வந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. வயது பதினைந்து இருக்கும். காமிரா முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு துடுப்பைச் சுமப்பவன்போல் நடந்தான். ஏரி அன்று அசைவின்றிக் கிடந்தது. எதிர்க்கரை மரங்களெல்லாம் தலைகீழாக நீரில் நின்றன. நான் சரிபார்த்துப் பொத்தானை அழுத்தும் தருணத்தில், அவன் கரையோரம் குந்தி, நீரை அள்ளி நாவில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்ல சாமி!" என்று கூவினான். வட்டவட்டமாக அலை பரவி என் கண்ணாடி உடைந்தது. "படத்தில் விழாதே, அந்தப் பக்கம் போ!" என்று கடிந்து கொண்டேன். "சரி சாமி" என்று ஒரு மரத்தின் பின்னே போய் நின்றான். அதன் பிறகு எடுத்த படங்கள் அனைத்தும் குற்றமற்றவை. அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கி என் அறையில் மாட்டினேன். கெட்டுப்போன அந்த ஒன்றின் பிரதியைக் கிழித்தெறிந்தேன்.

அடுத்த மாதம் உட்பகுதியிலுள்ள வேறொரு பங்கிற்கு நான் மாற்றலாகிப் போனேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. செய்தி கேட்டு நாங்கள் கடற்கரைக்கு விரைந்தபோது தெரிந்த முகங்களைத் தேடுவதே வேலையாயிற்று. அவன் இல்லை. இரண்டு நாள் கழித்து, நிவாரண முகாமில் அவன் தாய் என் அங்கியைப் பற்றிக்கொண்டு, "சாமி, மலைக்குப் போனப்ப எம் புள்ளைய படம் புடிச்சீங்கல்ல?" என்று கேட்டாள். வீடும் பெட்டியும் போய்விட்டன. வீட்டில் இருந்த ஒன்றிரண்டு படங்களும் போய்விட்டன. என்னிடம் ஏரியின் படங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. வேனுக்கு முன் எல்லாரையும் நிறுத்தி எடுத்த படத்தில், முன்னால் நின்றவனின் தலை அவன் முகத்தைப் பாதி மறைத்திருந்தது.

அன்றிரவு நெகடிவ்களை விளக்கின்முன் பிடித்து ஒவ்வொன்றாகத் தேடினேன். பிரதியைக் கிழித்தவன், நல்ல வேளையாக நெகடிவை வெட்டி எறியவில்லை. இடது ஓரத்தில், நகக்கண் அளவில், அவன் குந்தியிருந்தான். ஒரு கை நீரில்; முகம் என் பக்கம் திரும்பியிருந்தது; வாய் திறந்திருந்தது. கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவிற்கு எடுத்துச் சென்றேன். "மலையையும் ஏரியையும் வெட்டிவிட்டுப் பையனை மட்டும் பெரிதாக்கித் தரட்டுமா, பாதர்?" என்று அவர் கேட்டார். இரண்டு விதமாகவும் போடச் சொன்னேன். பெரிதாக்கிய படத்தில் புள்ளி புள்ளியாகச் சிதறிப் போயிருந்தாலும் அவன்தான் என்று அடையாளம் தெரிந்தது.

தாயிடம் இரண்டையும் கொடுத்தேன். முகம் மட்டும் இருந்த படத்தை முத்தமிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மற்றொன்றை வெகுநேரம் பார்த்தாள். வாய் திறந்து என்ன சொல்கிறான் என்று கேட்டாள். சொன்னேன். நான் கடிந்து கொண்டதையும் சொன்னேன். அதைப்பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஓர் அடக்கச் சடங்கிற்காக அவ்வூருக்குச் சென்றபோது அவர்களுடைய புதுக் குடியிருப்பு வீட்டில் தேநீர் அருந்தினேன். முகம் மட்டும் உள்ள படம் மாதா சுரூபத்தின் அருகே இருக்கிறது. நடுக்கூடத்துச் சுவரில், சட்டமிட்டு மாட்டியிருப்பது மற்றதுதான்: மலையும், அலை கலைத்த ஏரியும், ஓரத்தில் அவனும். வெயில் பட்டு வண்ணம் சற்று மங்கியிருக்கிறது; புதிதாக ஒன்று போட்டுத் தருவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். நான் இருந்தபோது பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண், இது எந்த ஊர் என்று கேட்டாள். "கொடைக்கானல்" என்றாள் தாய். "எம் மவன் போயிருக்கான். அங்க தண்ணி உப்பு கெடையாதாம்."