களைப்பைத் தீர்க்கும் கைகள்

காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் நின்றுகொண்டே பயணஞ் செய்யும் லிகிதருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் தொழிலாளிக்கும் வேலை வேறு. மாலையில் வரும் தோள் நோவு ஒன்றே. பாரஞ் சுமப்பவர் களைப்பது இயல்பு. மேசைமுன் அசையாதிருப்பவர் களைப்பது ஏன்? பல மணி நேரம் தலைகுனிந்திருக்கையில் பிடரித் தசைகள் தளராது இறுகியே நிற்கின்றன. மனக்கவலை அவ்விறுக்கத்தை மேலும் மிகுவிக்கின்றது.

இதற்கு நம் முன்னோர் கண்ட பரிகாரங்களுள் ஒன்று மர்த்தனம். சித்த வைத்தியம் இதனைத் தொக்கணம் எனப் பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகையாகப் பகுத்துள்ளது. ஆடவர் புதன், சனியிலும், பெண்டிர் செவ்வாய், வெள்ளியிலும் நல்லெண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கமும் உடலுக்கு ஓய்வளிக்கும் ஓர் ஒழுங்கேயாகும்.

இக்கால விஞ்ஞானம் யாது கூறுகின்றது? அமெரிக்காவின் மியாமிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்ட் அம்மையாரும் பிறரும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 26 பேருக்கு நாற்காலியில் அமர்ந்தபடியே 15 நிமிடம், வாரம் இருமுறை, 5 வாரங்களுக்குப் பிடித்துவிடப்பட்டது. ஏனைய 24 பேர் அதேயளவு நேரம் வாளா இளைப்பாறினர். மர்த்தனம் பெற்றோர் கணக்குகளை முன்னிலும் விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தனர். ஆய்வு சிறியதே, எனினும் கந்தோர் நடத்துவோர் கருத்திற் கொள்ளத்தக்கது.

ஆனால் எல்லா நோவும் தேய்த்துத் தீர்வதன்று. காய்ச்சல், எலும்பு முறிவு, தோற்புண் உள்ளபோது மர்த்தனம் ஆகாது. ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் நோவுங் கண்டால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதனை உருவுதல் ஆபத்து. நெஞ்சு நோவு இடக்கைக்குப் பரவுமாயின், வாயு என்றெண்ணி எண்ணெய் பூசிக் காலம் போக்கலாகாது. 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை உடனே அழைத்தல் வேண்டும். நாட்பட்ட நோவுக்கு, 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்ற வைத்தியரை நாடுக.

மர்த்தனம் வேலைப் பளுவைக் குறைத்துவிடாது. மணிக்கொருமுறை எழுந்து நடத்தலும், வேளைக்கு உறங்குதலும் உடன் வேண்டும். எனினும் மாலையிற் பத்து நிமிடம் தந்தையின் தோளைப் பிடித்துவிடப் பிள்ளைகளுக்குப் பணச்செலவில்லை. வீட்டில் எல்லாருக்கும் எண்ணெய் தேய்த்துவிடும் அன்னையின் தோளும் நோவுமென்பதை மாணவர் மறவாதிருப்பாராக.