ஒரே 35 சதவீதம், இரண்டு கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நாங்களும் கென்யா மாதிரி பெருகிக்கொண்டு போகிறோமா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2001-ல் 27.5 லட்சமாக இருந்த திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 37.3 லட்சம் ஆனது. கென்யாவோ 1999-க்கும் 2009-க்கும் இடையே 2.87 கோடியிலிருந்து 3.86 கோடிக்குப் போனது. இரண்டுமே ஏறத்தாழ 35 சதவீத உயர்வு.

ஆனால் பிறப்பில் இறப்பைக் கழித்துப் பாருங்கள். அந்தப் பத்தாண்டில் தமிழகத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 10 பேர்தான் கூடினார்கள். திருவள்ளூருக்கும் அதையே வைத்தால் மூன்று லட்சம் வருகிறது. கூடியதோ 9.7 லட்சம். மிச்சப் பேர் பிழைப்புத் தேடியோ வாடகை கட்டுப்படியாகாமலோ இங்கே வந்து சேர்ந்தவர்கள். சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் வாசல் நிறைய சேஃப்டி ஷூ, கொடி நிறைய ஆண்களின் துணி; தொட்டில் கட்டிய அறை அபூர்வம்.

கென்யாவின் வளர்ச்சி உள்ளேயே விளைந்தது. 1970களின் இறுதியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 8 குழந்தைகள், 2022-ல் 3.4. பாதிக்கும் கீழே இறங்கியும் தொகை ஏறிக்கொண்டே இருக்கிறது. இதற்குக் காரணம் மக்கள்தொகை உந்தம்: முன்பு பிறந்த பெரிய தலைமுறை பெற்றோராகும்போது, குழந்தைகள் குறைந்தாலும் தொகை ஏறும். மக்கள்தொகையியலிலேயே என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்; நுழைவது பிறப்பு, எழுவது இறப்பு. சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகிறவர்கள் 20 பேர், பழைய காலத்து அழைப்பாளிகள். இலைக்குக் காத்து நிற்பவர்கள் 60 பேர். இனி அழைப்பைக் கூட்டுவதில்லை என்று வீட்டார் இன்றே முடிவெடுத்தாலும், 60 பேர் நுழைவார்கள், 20 பேர்தான் எழுவார்கள். எழுகிறவர்களும் 60 ஆகும்வரை கூடம் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். மருத்துவம் வளர வளர, உட்கார்ந்தவர்கள் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு எழாமலும் இருக்கிறார்கள். கென்யாவில் 2019-ல் நாலில் மூன்று பேர் 35 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் பந்தி இன்னும் பாதிகூட நகரவில்லை. திருவள்ளூர்க் கூடத்துக்கு வந்தவர்களில் பலர் பக்கத்து மண்டபத்தில் அழைக்கப்பட்டவர்கள், அதாவது வேறு ஊர்களில் பிறந்தவர்கள். உதாரணமாக, பீகாரில் 2019-21 குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.0 குழந்தைகள்.



தமிழகமும் இந்த உந்தத்தின் வழியே வந்ததுதான். 2005-06 ஆய்விலேயே சராசரி 1.8. ஈடுகட்டத் தேவையான 2.1-க்கும் கீழே. ஆனாலும் 2001-க்கும் 2011-க்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் கூடினார்கள். அன்று 'மக்கள்தொகை வெடிப்பு' என்று அலறிய தலைப்புகளையும், இன்று 'தமிழினம் சுருங்குகிறது' என்று அலறுபவற்றையும் நான் நம்புவதில்லை. இரண்டும் வயதுக் கணக்கைப் பார்க்காமல் எழுதப்பட்டவை.

2011 கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணைகள் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தன. 2027-ன் அட்டவணைகளாவது சீக்கிரம் வர வேண்டும். கும்மிடிப்பூண்டியில் எத்தனை பள்ளி, எத்தனை குடிநீர்க் குழாய் என்று முடிவு செய்ய, யார் இங்கே பிறந்தவர், யார் வந்தவர் என்ற அந்தக் கணக்கு வேண்டும்.